பெயரில்லாத டப்பா கிரீம், ஒரே வாரத்தில் முகம் வெளுக்கிறது. ஆபத்தா?

ரங்கூன்_கலா:
எல்லோருக்கும் வணக்கம். என் தங்கை டவுன் பக்கம் ஒரு கடையில் சின்ன டப்பாவில் கிரீம் வாங்கிப் பூசுகிறாள். என்ன கலந்திருக்கிறது என்று பர்மிய மொழியிலும் இல்லை, வேறு எந்த மொழியிலும் இல்லை. ஒரே வாரத்தில் முகம் வெளுத்துவிட்டது, அம்மாவுக்கு ஒரே பெருமை. ஆனால் வெயிலில் போனால் எரிகிறது என்கிறாள். என் ஒன்றரை வயதுப் பையன் எப்போதும் அவள் மடியில்தான் கிடப்பான், அதனால்தான் கேட்கிறேன்.

பெகு_தம்பி:
அக்கா, முதலில் பூசுவதை நிறுத்தச் சொல்லுங்கள். இவ்வளவு சீக்கிரம் வெளுக்கிறதென்றாலே பாதரசமோ, ஸ்டீராய்டு மருந்தோ, தோலை வெளுக்கவைக்கிற ஹைட்ரோகுவினோன் என்ற ரசாயனமோ இருக்குமோ என்று சந்தேகப்படத்தான் வேண்டும். தோலுக்கு நிறம் தருகிற மெலனின் உண்டாவதைப் பாதரசம் தடுக்கும், அதனால்தான் வெளுக்கிறது. ஆனால் அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், நரம்பையும் பாதிக்கும். பையன் விஷயத்தில் நீங்கள் பயப்படுவது சரிதான், ஏனென்றால் பூசின பாதரசம் ஆவியாகி வீட்டுக் காற்றில் கலக்கும், துண்டிலும் தலையணையிலும் ஒட்டும், பூசாதவர்களுக்கும் போய்ச் சேரும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் போட்ட மினமாட்டா ஒப்பந்தம் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களுக்கு 2020 வரைதான் கெடு வைத்தது. ஆனாலும் விற்கிறார்கள். டப்பாவில் 'மெர்க்குரி' என்றோ, 'கலோமெல்' (அதுவும் பாதரச உப்புதான்) என்றோ, தங்கம் வெள்ளி நகை மேல் படக்கூடாது என்றோ எழுதியிருந்தால் அப்புறம் யோசிக்கவே வேண்டாம்.

தாட்டோன்_மீனா:
ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். நானும் இப்படி ஒன்றைத்தான் ரொம்ப நாளாகப் பூசுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. கட்டையை அரைத்துப் பூசுகிற தனக்காவை மட்டும் பூசிக்கொண்டிருந்தால் பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா?

மோல்மீன்_அக்கா:
மீனா, அந்தப் பேச்சை நானும் கேட்டுத்தான் வளர்ந்தேன், உன் மேல் கோபமில்லை. ஆனால் சிறுநீரகம் வலித்துக் காட்டாது. காலும் கண்ணிமையும் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போகும்போதுதான் தெரியும். ஹைட்ரோகுவினோன் என்றால் வேறு கூத்து, நாள்பட்டால் வெளுத்த இடமே நீலக்கறுப்பாகத் தடித்துப்போகும், அதை மாற்றுவது ரொம்பக் கஷ்டம். தென்னாப்பிரிக்காவில் இப்படிப் பலருக்கு ஆகித்தான் 1990இல் அதைக் கிரீமில் போடக்கூடாது என்று தடை போட்டார்கள். நம்மவர்களும் நிறையப் பேர் இருக்கிற ஊர் அது.

கலா, ஸ்டீராய்டாக இருந்தால் நிறுத்தியதும் முகம் சிவந்து பருவாகக் கொட்டும். அதைப் பார்த்துப் பயந்துபோய் மறுபடி அதையே பூசுவாள், எல்லோரும் அங்கேதான் மாட்டுகிறார்கள். அதனால் தோல் டாக்டரிடம் டப்பாவோடு போங்கள். சிறுநீரில் பாதரசம் பார்க்கிற பரிசோதனை உண்டு, பையனுக்கும் வேண்டுமா என்று கேளுங்கள்.

ரங்கூன்_கலா:
தம்பி சொன்ன மாதிரியே டப்பாவுக்கு அடியில் சின்ன எழுத்தில் நகை பற்றி ஒரு வரி இருக்கிறது. அம்மாவிடம் காட்டினேன், பெருமை போன இடம் தெரியவில்லை. தங்கச்சிதான் அழுகிறாள், வெளியே போக முகத்துக்கு என்ன பூசுவது என்கிறாள். டப்பாவைக் குப்பையில் போடலாமா?

பெகு_தம்பி:
டாக்டர் பார்க்கும்வரை வேண்டாம் அக்கா. இறுக்க மூடி, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, பையன் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், சாக்கடையில் மட்டும் கழுவி ஊற்றாதீர்கள். துண்டு, தலையணை உறையைத் தூக்கிப் போட்டுவிடுவது நல்லது. எரிச்சல் அடங்கும்வரை முகத்தில் ஒன்றுமே வேண்டாம், வெயிலுக்குக் குடை போதும். அப்புறம் தனக்கா வேண்டுமென்றால் கட்டையாக வாங்கி வீட்டுக் கல்லில் அரைக்கச் சொல்லுங்கள், பொடி டப்பாவில் என்ன கலந்திருக்கிறார்களோ.