ஆதம்பாக்கத்து மாடிக்கு எந்த லேத்?

பெரிய வீட்டுக் குழு

சனிக்கிழமை

[காலை 6:48] செந்தில்: பெரியப்பாவுக்கும் மாமாவுக்கும் வணக்கம். மாடி அறையில் அரம், ரம்பம், டிரில் மெஷின் ஆகியவற்றோடு மூன்று ஆண்டுகளாகக் காலம் தள்ளிவிட்டேன். இப்போது இரும்பைச் சுழற்றிக் கடையும் சிறிய லேத் (கடைசல் மெஷின்) ஒன்று வாங்கலாம் என்று போனஸ் பணத்தை ஒதுக்கி வைத்திருக்கிறேன். மூன்று வழிகள் தெரிகின்றன. மேசைமேல் வைக்கும் 180-க்கு 300 சீன மினி லேத் ஒன்று. அதைவிடச் சற்றுக் கனமான 210-க்கு 400 ஒன்று. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒருவர் விலைக்குக் கொடுக்கும் பழைய நாலரை அடி லேத் ஒன்று. பழையதைக் கீழே கார் ஷெட்டில்தான் வைக்க முடியும். கொடுக்கும் பணத்துக்குக் கிடைக்கும் நீளத்தைப் பார்த்தால் நாலரை அடிதான் லாபம் என்று தோன்றுகிறது.

[காலை 7:05] பெரியப்பா: செந்தில், முதலில் எண்களைப் படிக்கக் கற்றுக்கொள். நாலரை அடி என்று நம் ஊரில் சொல்வது பெட்டின், அதாவது அடித்தண்டவாளத்தின், முழு நீளம். சுழற்றும் தலையான ஹெட் ஸ்டாக்கும் மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக்கும் அதன்மேல் உட்கார்ந்த பிறகு, அவற்றின் கூர்முனைகளான இரண்டு சென்டர்களுக்கும் நடுவே மிஞ்சுவது பாதியைச் சற்றுத் தாண்டினால் அதிகம். நீ 300 என்று எழுதியிருப்பதோ சென்டர்களுக்கு இடையே உள்ள தூரம். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதே. அகலத்திலும் இதே குழப்பம் உண்டு: 1946-இல் இங்கிலாந்தில் வந்த மைஃபோர்டு எம்.எல். 7-ஐ அந்நாட்டவர் பெட்டிலிருந்து சென்டர் வரை உள்ள உயரத்தை வைத்து 3½ அங்குல லேத் என்பார்கள். அதே அளவை அமெரிக்கர்கள் விட்டக் கணக்கில் 7 அங்குலம் என்பார்கள்.

[காலை 7:09] பெரியப்பா: அந்த 180 மில்லிமீட்டரும் பெட்டுக்கு மேலே கிடைக்கும் விட்டம்தான். வெட்டும் டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடுக்கு மேலே வந்தால் அது ஏறத்தாழ 110 ஆகச் சுருங்கிவிடும். 300 நீளத்திலும் பொருளைக் கவ்வும் சக், டிரில் சக், அதில் மாட்டிய டிரில் ஆகிய மூன்றும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு நீ கடையும் ஜாபுக்குப் பாதிகூட மிஞ்சாது. சரி, எதைக் கடையப் போகிறாய்? அதைச் சொல்லாமல் லேத் கேட்பது, ஆளைக் காட்டாமல் சட்டைக்கு அளவு கேட்பது போல.

[காலை 7:31] செந்தில்: இரண்டு வேலைகள், பெரியப்பா. தாத்தாவின் பழைய சைக்கிள் உட்பட நான் சேர்த்து வைத்திருக்கும் சைக்கிள்களுக்குப் பெடல் அச்சைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட் கப், சக்கர அச்சின் ஆக்சில் கோன் போன்றவை தேய்ந்துவிட்டன. அவற்றை நானே செய்து பார்க்க வேண்டும். இன்னொன்று, சிறிய நீராவி எஞ்சின் மாதிரி. அதன் ஃபிளைவீல் (கனச் சக்கரம்) 90 மி.மீ. வார்ப்பிரும்பு, மற்றவை எல்லாம் பித்தளையில் விரல் அளவுதான்.

[காலை 7:52] முரளி மாமா: மச்சான், நான் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எட்டு ஆண்டுகளாக மினி லேத் வைத்திருப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன். பித்தளை வேலைக்கு அது தங்கமான மெஷின். ஆனால் வாங்கிய இரண்டாவது மாதம் 25 மி.மீ. எம்.எஸ். (மென் எஃகு) ராடை அறுத்தெடுக்க முயன்றபோது பார்ட்டிங் டூல் சிக்கிக்கொண்டது. “டக்” என்று ஒரு சத்தம், அதன்பின் மோட்டார் ஓடுகிறது, சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டில் நிற்கிறது. ஹெட் ஸ்டாக்கைத் திறந்தால் உள்ளே இருக்கும் கியர் பிளாஸ்டிக், அதில் நான்கு பற்கள் காணவில்லை. விற்றவரிடம் கேட்டதற்கு உதிரி பாகம் வர ஆறு வாரம் என்றார், பதினோரு வாரம் ஆயிற்று. ஆகவே வாங்கும் அன்றே ஒரு ஜோடி கியரைக் கூடவே வாங்கிவிடு, செந்தில்.

[காலை 7:58] பெரியப்பா: மாப்பிள்ளை, அந்தப் பிளாஸ்டிக் கியர் உடைந்ததால்தான் உங்கள் மோட்டாரும் கன்ட்ரோல் போர்டும் பிழைத்தன. கோபம் கியர் மேல் வேண்டாம். டூலைச் சென்டர் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே வைத்திருப்பீர்கள்.

[காலை 8:01] முரளி மாமா: வைத்திருந்தேன்.

[காலை 8:20] லதா அத்தை: பாலிடெக்னிக்கில் மோட்டார் பாடம் எடுத்த காலத்தை நினைவுபடுத்திவிட்டீர்கள். செந்தில், ஃபிளைவீலைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுப் பார். எச்.எஸ்.எஸ். என்னும் அதிவேக எஃகு டூலால் வார்ப்பிரும்பை நிமிடத்துக்கு 20 மீட்டர் வேகத்தில் வெட்டலாம் என்று கொண்டால், 90 மி.மீ. விட்டத்துக்கு நிமிடத்துக்கு 70 சுற்றுதான் வருகிறது. மின்னணு முறையில் வேகத்தைக் குறைக்கும் மோட்டாரில் முறுக்கு விசை அப்படியே இருக்கும், வேகம் குறையக் குறையத் திறன் மட்டும் அதே விகிதத்தில் குறையும். பெயர்ப்பலகையில் 550 வாட் என்று போட்டிருக்கிறது, குறை வேகக் கியரில் உச்சம் 1100 சுற்று என்று வைத்துக்கொள். 70 சுற்றில் உன் கையில் இருப்பது வெறும் 35 வாட். மோட்டாரின் விசிறியும் அதே அளவுக்கு மெதுவாகச் சுற்றுவதால் சூடும் ஏறும். பழைய லேத்துகளில் பேக் கியர் வைத்திருந்தது இதற்காகத்தான்: அது வேகத்தைக் குறைத்து, குறைத்த அளவுக்கு முறுக்கு விசையைக் கூட்டிக் கொடுக்கும்.

[காலை 8:34] செந்தில்: 35 வாட் என்றால் எங்கள் வீட்டு மின்விசிறி அளவுகூட இல்லையே, அத்தை! அதில் ஒன்றும் வெட்ட முடியாதா?

[காலை 8:50] பெரியப்பா: வெட்டலாம். ஆழம் கால் மில்லிமீட்டர், ஃபீடு (டூல் முன்னேறும் அளவு) சிறியதாக வைத்தால் அது போதும். தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. வார்ப்பிரும்பின் மேல் தோல் கடினமானது, அச்சு மணலும் அதில் ஒட்டியிருக்கும். முதல் வெட்டிலேயே அந்தத் தோலுக்கு அடியில் போய்விட வேண்டும். மேலோட்டமாகத் தடவினால் எச்.எஸ்.எஸ். டூலின் மூக்கு ஒரே சுற்றில் மழுங்கிவிடும். உன் மினி லேத்தால் அந்த முதல் ஆழ வெட்டு நடக்காது. 210-லும் இழுத்துப் பறித்துத்தான் நடக்கும், ஆனால் எடை கூடுதலாக இருப்பதால் அதிர்வு குறையும். சிறிய லேத்தில் நீ காசு கொடுத்து வாங்குவது எடையைத்தான்.

[காலை 9:15] வனிதா: பெரிய மாமா, நான் கேட்பது சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த இரும்புச் சுருள்கள் மாடிப்படி வழியாகச் செருப்பில் ஒட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்து குழந்தையின் காலில் ஏறாமல் இருக்க என்ன வழி? இவர் லுங்கியோடு மெஷின் முன் நிற்பார் என்பதும் எனக்குத் தெரியும்.

[காலை 9:27] பெரியப்பா: சிறுபிள்ளைத்தனம் இல்லை, அம்மா, என் பட்டறையில் இருபது வயதுப் பையன்களுக்கு முதல் நாள் சொல்லும் பாடமே இதுதான். லுங்கி, வேட்டி, துப்பட்டா, மோதிரம், கையுறை ஆகிய எதுவும் சுழலும் சக்கின் அருகே வரக்கூடாது. கையுறை கையைக் காப்பாற்றாது, கையை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். கண்ணாடி கட்டாயம். சக் சாவியை மாட்டிய கையை, அதைக் கழற்றும் வரை எடுக்கவே கூடாது. சுருளைக் கொக்கியால்தான் இழுக்க வேண்டும். மெஷினுக்கு அடியில் தகரத் தட்டு, அறைக்கென்று தனிச் செருப்பு, வாசலில் ஒரு காந்தம் இருந்தால் கூடம் பிழைக்கும். பித்தளைத் தூளைக் காந்தம் பிடிக்காது, அதைத் துடைப்பத்தால்தான் கூட்ட வேண்டும்.

[காலை 9:40] செந்தில்: நாளைக்கு அம்பத்தூரில் அந்த நாலரை அடியைப் பார்க்கப் போகிறேன். நீங்களும் வர முடியுமா, பெரியப்பா?

[காலை 9:41] பெரியப்பா: ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜோடு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

[பிற்பகல் 1:12] செந்தில்: பார்த்துவிட்டு வந்தோம். புதிதாகப் பச்சைப் பெயிண்ட் அடித்து மெஷின் மாப்பிள்ளை போல நின்றது. பெரியப்பா பெயிண்டைப் பார்க்கவே இல்லை. டூலைச் சுமந்து பெட்டின்மேல் நகரும் சேடிலைச் சக்கை ஒட்டி நகர்த்தி, அங்கே ஆட்டம் இல்லாதபடி அதன் ஜிப் பட்டையை இறுக்கிவிட்டு, டெயில் ஸ்டாக் பக்கம் உருட்டச் சொன்னார். ஒரு சாண் தூரம் சுலபமாகப் போனது, பிறகு கனத்தது, முக்கால் வழியில் கைச்சக்கரம் நின்றே போயிற்று. எல்லோரும் சக் அருகிலேயே வேலை செய்வதால் பெட்டின் அந்தப் பகுதி மட்டும் குழிந்திருக்கிறது, மறுபக்கம் அப்படியே இருக்கிறது என்று விளக்கினார்.

[பிற்பகல் 1:19] பெரியப்பா: ஸ்பிண்டிலில் ஒரு ராடைப் பிடித்து நெம்பிப் பார்த்தேன், டயலின் முள் ஐந்து கோடு தாண்டியது. மரை வெட்டும்போது சேடிலை இழுக்கும் ஹாஃப் நட்டும் தேய்ந்திருக்கிறது. பெட்டைக் கிரைண்டிங் செய்து பேரிங் மாற்றினால் நல்ல லேத்தாகும்தான், ஆனால் அந்தச் செலவு கேட்ட விலையை எட்டிவிடும். அரை டன் எடையைக் கிரேன் வைத்து ஏற்ற வேண்டும், கார் ஷெட் தரைக்குக் கான்கிரீட் போட வேண்டும். விற்பவரைக் குறை சொல்ல மாட்டேன். முப்பது ஆண்டு ஓடிய மெஷின் அப்படித்தான் இருக்கும்.

[பிற்பகல் 1:33] லதா அத்தை: அண்ணா, மோட்டாரைப் பார்த்தீர்களா? மூன்று ஃபேஸாக இருந்தால் வீட்டின் ஒற்றை ஃபேஸில் நேரடியாக ஓடாது. சுருள்களின் ஆறு முனைகளும் வெளியே வந்திருந்தால், 415 வோல்ட்டுக்கான ஸ்டார் இணைப்பை டெல்டா இணைப்புக்கு மாற்றி, 230 வோல்ட்டில் ஓடி மூன்று ஃபேஸ் தரும் வி.எஃப்.டி. ஒன்றைப் போட்டுச் சமாளிக்கலாம்.

[பிற்பகல் 1:36] பெரியப்பா: மூன்று முனைதான் வெளியே இருந்தது, லதா. உள்ளே பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

[பிற்பகல் 1:50] முரளி மாமா: கார் ஷெட் என்றதும் எனக்கு 2015 டிசம்பர்தான் நினைவுக்கு வருகிறது. மடிப்பாக்கத்தில் தண்ணீர் படியேறி வந்த இரவில், 40 கிலோ மினி லேத்தை நானும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடிக்கு ஏற்றிவிட்டோம். கீழே விட்ட கிரைண்டரையும் டிரில் மெஷினையும் மறுநாள் துருவாகத்தான் எடுத்தோம். அரை டன்னை எந்த மழையிலும் நகர்த்த முடியாது.

[மாலை 4:05] செந்தில்: அப்படியானால் 210-தான். மோட்டார், டெயில் ஸ்டாக், சக் ஆகியவற்றைக் கழற்றிவிட்டால் நான்கு பேர் படியேற்றிவிடலாம். ஒரு சந்தேகம்: கடைக்காரர் லீட் ஸ்குரூ (மரை வெட்ட டூலை நகர்த்தும் நீளத் திருகு) மெட்ரிக்கிலும் இருக்கிறது, அங்குலத்திலும் இருக்கிறது, எது வேண்டும் என்கிறார்.

[மாலை 4:22] பெரியப்பா: உன் பாட்டம் பிராக்கெட் கப்பின் மரை 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. எஞ்சின் திருகுகளோ மெட்ரிக். எதை வாங்கினாலும் மற்றதும் வேண்டும். மெட்ரிக் ஸ்குரூவையே எடு, கியர் பெட்டியில் 127 பல் சக்கரம் இருக்கிறதா என்று கேள். ஐந்து அங்குலம் சரியாக 127 மில்லிமீட்டர் என்பதால் அந்தச் சக்கரம் இருந்தால் அங்குல மரை பிசகில்லாமல் வரும்; வேறு பற்களால் ஒப்பேற்றினால் மிக அருகில் வரும், சரியாக வராது. இரண்டு, மூன்று மரைதான் பிடிக்கிறது என்றால் அந்தப் பிசகு தெரியவும் தெரியாது, ஆனால் நீ சும்மா இருக்க மாட்டாய்.

[மாலை 4:25] பெரியப்பா: சங்கிலி இருக்கும் பக்கத்துக் கப் இடது மரை என்பதையும் மறக்காதே. லீட் ஸ்குரூவைத் திருப்பிச் சுற்ற வைக்கும் லீவர் பின்னால் இருக்கிறதா என்று கடையிலேயே தள்ளிப் பார்த்துவிடு.

[மாலை 4:48] செந்தில்: ஒதுக்கிய பணம் முழுவதையும் மெஷினுக்கே கொடுத்துவிடலாமா?

[மாலை 4:53] முரளி மாமா: கூடாது. மூன்றில் ஒரு பங்கைப் பிடித்து வை. நான்கு தாடை சக், டயல் கேஜ், காந்த ஸ்டாண்டு, ரிவால்விங் சென்டர், டிரில் சக், மைக்ரோமீட்டர் ஆகியவற்றைப் பாரிமுனைக் கடைகளில் ஒவ்வொன்றாக வாங்கும்போதுதான் லேத் மலிவாகக் கிடைத்தது தெரியும். ராடு துண்டுகளைப் புதுப்பேட்டையில் எடை போட்டு வாங்கலாம். என்ன இரும்பு என்று மட்டும் அங்கே யாரையும் கேட்காதே, பதில் ஒவ்வொரு வாரமும் மாறும்.

[மாலை 5:10] பெரியப்பா: கார்பைடு டிப்பை இப்போதைக்குத் தொடாதே. அதற்கு வேகமும் விறைப்பும் வேண்டும், சிறிய லேத்தில் இரண்டும் குறைவு. எச்.எஸ்.எஸ். பிட்டைக் கிரைண்டரில் நீயே தீட்டிப் பழகு. உயரம் பார்க்க ஒரு வழி சொல்கிறேன்: சக்கில் உருண்டை ராடைப் பிடித்து, அதற்கும் டூலின் மூக்குக்கும் நடுவே மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை நிற்க வைத்து, கிராஸ் ஸ்லைடை மெதுவாக உள்ளே தள்ளி லேசாகக் கவ்வு. ஸ்கேல் நேராக நின்றால் டூல் சென்டரில் இருக்கிறது. தலை உன் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது, அந்தப் பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. மாப்பிள்ளையும் ஒரு முறை செய்து பார்க்கலாம்.

[மாலை 5:12] முரளி மாமா: செய்துவிட்டுத்தான் படிக்கிறேன், மச்சான். என் பக்கம் சாய்கிறது.

[மாலை 5:30] வனிதா: பெரிய மாமா, மெஷின் துருப்பிடிக்காமல் இருக்க ஏதாவது தேவையா?

[மாலை 5:41] பெரியப்பா: 68 கிரேடு ஸ்லைடுவே எண்ணெய் ஒரு லிட்டர். வேலை முடிந்ததும் துடைத்துவிட்டுப் பெட்டில் தடவினால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை இல்லாவிட்டாலும் வாரம் ஒரு முறை தடவ வேண்டும். பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள், உள்ளே வியர்த்துவிடும். பழைய போர்வை நல்லது.

[மாலை 5:44] பெரியப்பா: செந்தில், அந்த ஃபிளைவீலை அடுத்த வாரம் என்னிடம் கொடுத்துவிடு. தோலை மட்டும் என் லேத்தில் எடுத்துத் தருகிறேன், மிச்சத்தை நீ உன்னுடையதில் கடை. வரும்போது என்னிடம் இருக்கும் பழைய பிட்டுகளைக் கொண்டு வருகிறேன், கிரைண்டர் மட்டும் வாங்கி வை.