புதுப்பிப்பு: நாள் முழுக்கக் கார், நடுவில் நண்பர்கள் வீடு

நீண்ட கார் பயணத்தின் நடுவே நண்பர்கள் வீட்டில் இறங்கலாமா, பின் இருக்கையில் மகளுக்குக் குமட்டாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று போன வாரம் கேட்டிருந்தேன். சரி, போய் வந்தாயிற்று.

குமட்டல்தான் பெரிய கவலையாக இருந்தது. புத்தகத்தைப் பார்க்கும் கண் ‘அசையவில்லை’ என்கிறது, உட்காது ‘அசைகிறோம்’ என்கிறது, அந்த முரண்தான் காரணம் என்று ஒருவர் சொல்லியிருந்தீர்கள். அதனால் புத்தகத்தையும் செல்போனையும் பைக்குள் போட்டு, அவளை நடுவில் உட்காரவைத்து, முன்கண்ணாடி வழியே தூரத்தைப் பார்க்கச் சொன்னோம். ஒரே ஒரு தடவைதான் முகம் வெளிறியது. அதுவும் தம்பி கையிலிருந்த செல்போனை எட்டிப் பார்த்தபோது!

2 மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, நானும் கணவரும் மாறி மாறி ஓட்டினோம்.

நண்பர்கள் வீட்டில் அரை மணி நேரம் என்று கணக்குப் போட்டது எங்கள் தப்பு. இரண்டரை மணி நேரம் ஆனது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று பேசியதே 40 நிமிடம். இருட்டிய பிறகுதான் ஊர் சேர்ந்தோம். அப்புறம் பார்த்தால், மகனின் ஒரு காலுறை அவர்கள் வீட்டு சோபாவுக்கு அடியில்.