மேட்டூர் அணை இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்கள் ஏரிக்கு ஏன் தண்ணீர் வருவதில்லை?

நங்கவள்ளிக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நங்கவள்ளி பக்கம், மேட்டூர் அணைக்கு இருபது கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் ஏரியில் தண்ணீர் நின்று நான் பார்த்தது சின்ன வயதில்தான், இப்போது முழுக்க சீமைக்கருவேலம். போன கோடையில் 900 அடி போர் போட்டோம், புழுதிதான் பறந்தது. பக்கத்துக் காட்டில் பழைய போரில் கம்ப்ரசர் வைத்து மரவள்ளிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரை மணி நேரம் பாய்ச்சுகிறார்கள். குடிக்கக் காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது, அதை மறைக்கவில்லை. நான் கேட்பது காட்டில் பயிருக்கு.

என் கொள்ளுப்பாட்டி பிறந்த ஊர் இன்று அணைக்குள் இருக்கிறது. பண்ணவாடியில் நீர் இறங்கும்போது பழைய கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம், நிலத்தைக் கொடுத்தவர்களுக்கு ஏன் நீர் இல்லை என்று நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. அணை நிரம்பி மிஞ்சும் நீரை வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுபோகும் சரபங்கா உபரிநீர்த் திட்டத்தின் 100 ஏரிகளில் எங்கள் ஏரி இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இதற்கு வழியே கிடையாதா?

ஓமலூர் வாத்தியார்:
தம்பி, உங்கள் கேள்வி நியாயமானது, எங்கள் ஊரிலும் இதே பேச்சுதான். ஆனால் முதல் காரணம் அரசியல் இல்லை, மேடு. அணை 120 அடிக்கு நிரம்பி நிற்கும்போதும் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 790 அடிதான். ஓமலூர், நங்கவள்ளி பக்கமெல்லாம் அதைவிட உயரம். அதனால்தான் மேட்டூர் கிழக்கு மேற்குக் கரை வாய்க்கால்கள் தெற்கே இறங்கிப் போய் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்குப் பாய்கின்றன, நம் பக்கம் திரும்பவில்லை. நமக்கு வேண்டுமென்றால் மோட்டார் வைத்து ஏற்றித்தான் ஆகவேண்டும். திப்பம்பட்டியில் நீரேற்று நிலையம் கட்டி எம்.காளிப்பட்டி ஏரிக்கு அனுப்புவது அப்படித்தான். 565 கோடி ரூபாய் திட்டம், 2021 பிப்ரவரியில் முதல் கட்டம் தொடங்கினார்கள்.

அதில் எடுக்க அனுமதி 0.555 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி), அதுவும் அணை நிரம்பி உபரி போகும்போது மட்டும். இது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளக் காலத்தில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி போனால், ஒன்றரை மணி நேரத்தில் பதினாறு கண் மதகு வழியாக ஓடிவிடும் தண்ணீர் அது. நூறு ஏரிக்கும் சேர்த்து அவ்வளவுதான். கடலுக்குப் போகிற வெள்ளத்தில் இன்னும் கொஞ்சம் கேட்பதில் தப்பே இல்லை என்பது என் கருத்து. ஆனால் அணை நிரம்பாத வருடத்தில் என்ன செய்வோம்? டெல்டா பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கும் நாளான ஜூன் 12-இல், 2012-லிருந்து எட்டு வருடம் மதகைத் திறக்கவே முடியவில்லை, 2020-இல்தான் திறந்தார்கள். அந்த மாதிரி வருடங்களில் உபரி என்ற பேச்சுக்கே இடமில்லை.

மன்னார்குடிப் பொண்ணு:
நான் கல்யாணமாகி சேலம் வந்து பதினொரு வருடம். பிறந்த வீடு டெல்டா, அப்பா இன்னும் குறுவை நெல் போடுகிறார். 2023-இல் ஜூன் 12-க்குத் திறந்தார்கள், நம்பி விதைத்தோம், கர்நாடகத்திலிருந்து வரவேண்டிய நீர் வராமல் அக்டோபரிலேயே அணையை மூடினார்கள். எங்கள் வயலும் கருகியது. 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில், மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தரவேண்டியது வருடத்துக்கு 177.25 டிஎம்சி என்று குறைத்தபிறகு எங்கள் ஊரில் ஒவ்வொரு டிஎம்சியையும் எண்ணித்தான் பேசுவார்கள். அதனால் மேட்டூரிலிருந்து இன்னொரு குழாய் என்றதுமே அங்கே பயம் வருகிறது. உங்கள் ஊர்மேல் கோபம் இல்லைங்க. கொள்ளுப்பாட்டி ஊர் பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்கே கண் கலங்கிவிட்டது, எங்கள் வயலுக்கு வரும் தண்ணீருக்கு அடியில் ஒரு ஊர் இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. வெள்ள நீரை எடுங்கள், அதற்கு அப்பாவும் சம்மதிப்பார். ஜூன் மாதத்துத் தண்ணீரைத் தொடவேண்டாம், அவ்வளவுதான் எங்கள் கோரிக்கை.

சேர்வராயன் அடிவாரம்:
காவிரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதுமா? சரபங்கா நதியே நம் சேர்வராயன் மலையில் பிறந்து ஓமலூர், எடப்பாடி வழியாகக் காவிரிக்குப் போகிற ஆறு. திருமணிமுத்தாறும் இதே மலைதான், சேலம் நகருக்குள் வந்ததும் சாக்கடையாகிவிடுகிறது. சேலத்துக்குக் குடிநீர் தரவே நூறு வருடத்துக்கு முன்னால் வெட்டிய பனமரத்துப்பட்டி ஏரி இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் கிடக்கிறது, மேட்டூர் தண்ணீர் வந்தபின் அதை மறந்தே போனோம். ஏற்காட்டில் நல்ல மழை பெய்கிற ஒரு வாரம் இங்கே வந்து பாருங்கள், ஓடையெல்லாம் செந்நிறமாக ஓடும், நாலாம் நாள் ஒன்றும் இருக்காது. அந்த நாலு நாள் தண்ணீரை யார் தேக்கினார்கள்? உங்கள் ஏரிக்கு வரும் ஓடை உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நங்கவள்ளிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. மன்னார்குடி அக்கா, உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள், ஜூன் தண்ணீரை நாங்கள் கேட்க மாட்டோம். உபரியில் எங்கள் ஏரியையும் சேர்க்கச் சொல்லி மனு கொடுப்பதை விடப்போவதில்லை.

நேற்று காலை சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு ஏரியிலிருந்து மேலே ஓடை வழியாக நடந்தேன். முக்கால் கிலோமீட்டர்வரை தடம் தெரிகிறது, அப்புறம் ஒரு இடத்தில் மண் கொட்டி வண்டிப்பாதை போட்டிருக்கிறார்கள், கீழே குழாய்கூட வைக்கவில்லை. அதற்கு மேலே ஒரு காட்டில் ஓடையையும் சேர்த்து உழுது சோளம் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் வந்தாலும் ஏரிக்கு வந்து சேராது. இத்தனை வருடம் அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. வாத்தியார் அண்ணா, இது ஓடைப் புறம்போக்கு என்று காட்ட எந்தக் காகிதம் வேண்டும்?

ஓமலூர் வாத்தியார்:
விஏஓவிடம் (கிராம நிர்வாக அலுவலர்) கிராம வரைபடமும், நில விவரம் உள்ள அ-பதிவேடும் பாருங்கள் தம்பி, ஓடைக்குத் தனி சர்வே எண் இருக்கும். அந்த எண்ணைப் போட்டு தாசில்தாரிடம் அளந்து தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். சோளம் போட்டவர் சொந்தக்காரராகத்தான் இருப்பார், மனு கொடுப்பதற்கு முன்னால் சித்தப்பாவை விட்டு ஒரு தடவை பேசிவிடுங்கள். ஐப்பசி மழைக்குள் அந்த வண்டிப்பாதைக்கு அடியில் குழாய் இறங்கிவிட்டால் இந்த வருடமே வித்தியாசம் தெரியும். வரைபடம் கிடைத்ததும் படம் எடுத்து இங்கே போடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.