பணம் அனுப்பினால் பொறுப்பு தீர்ந்துவிடுமா?

வேம்பு: பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பாவை வருடக்கணக்காக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மாதம் தவறாமல் பணம் அனுப்பும் தம்பி, "செலவு என்னுடையது, கூட இருப்பது உன்னுடையது, கணக்கு சரியாகிவிட்டது" என்கிறான். எப்படிச் சரியாகும்? படுக்கைப்புண் வராமலிருக்க இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்கிறேன். அந்தத் தூக்கத்தை எந்தப் பணம் திருப்பித் தரும்? பணம் மட்டும் அனுப்புகிறவரும் பராமரிக்கிறார் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

கரைமேடு: சகோதரி, உங்கள் களைப்பு புரிகிறது. ஆனால் நானும் தொலைவிலிருந்து அனுப்புகிறவன்தான்; எங்கள் அம்மாவை அக்கா பார்த்துக்கொள்கிறாள். மருந்து, டயப்பர், காற்று மெத்தை, பிசியோதெரபி எல்லாம் அந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. வேலையை விட்டுவிட்டு வந்தால் குடும்பமே கடனில் மூழ்கும். இரவுக்கு ஓர் ஆளை வைத்துக்கொள் என்று அக்காவிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "வெளியாள் தொட்டால் அம்மாவுக்குப் பிடிக்காது" என்கிறாள். தருகிற உதவியை மறுத்துவிட்டு என்னைக் குறை சொல்வது நியாயமா?

வேம்பு: ஆள் வைப்பதே ஒரு வேலை, நண்பரே. தேடுவது, விசாரிப்பது, பழக்குவது, அவர் வராத நாளில் மாற்று ஏற்பாடு செய்வது எல்லாம் உங்கள் அக்கா தலையில்தான் விழும். தொலைபேசியில் முடிகிற பாதியையாவது நீங்கள் எடுத்துக்கொள்ளலாமே! வீட்டிலிருப்பவர் ஏன் பெரும்பாலும் அக்காவாகவே இருக்கிறார் என்றும் யோசியுங்கள். ஊதியமில்லாப் பராமரிப்பு வேலையில் செலவாகும் நேரத்தில் 76.2 சதவீதம் பெண்களுடையது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2018 அறிக்கையில் கணக்கிட்டது.

தெளிநீர்: செவிலியராக ஒன்று சொல்கிறேன். நோயாளியைக் கவனிக்கிற நாங்கள் பக்கத்தில் நிற்பவரைக் கவனிப்பதில்லை. 1999இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், துணைவரைப் பராமரித்து அதனால் நெருக்கடியை உணர்ந்த முதியோருக்கு, நான்கு ஆண்டுகளில் இறக்கும் அபாயம் பராமரிப்புப் பொறுப்பு இல்லாதோரைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது.

கரைமேடு: அதே ஆய்வில், நெருக்கடியை உணராமல் பராமரித்தவர்களிடம் அந்த உயர்வு உறுதிப்படவில்லை. அப்படியானால் சிக்கல் மனநிலையில்தானே இருக்கிறது?

தெளிநீர்: மனநிலை வானத்திலிருந்து விழுவதில்லை. உடைந்த தூக்கமும், கைமாற்ற ஆளில்லாத நாட்களும்தான் அதை உண்டாக்குகின்றன. "எது வேண்டுமானாலும் கேள்" என்பது உதவியாகாது. எதைக் கேட்பது என்று யோசிக்கும் தெம்புகூட அவருக்கு இருக்காது. "சனிக்கிழமை இரவு என்னுடையது" என்று சொல்லுங்கள். வெளியாளை ஏற்காத அம்மாவிடம் முதல் நாளே குளிப்பாட்ட அனுப்பாதீர்கள். அக்கா அருகிலிருக்க, புதியவர் தண்ணீர் கொடுக்கட்டும், பேச்சுக் கொடுக்கட்டும். முகம் பழகிய பிறகு உடலைத் தொடும் வேலைகளுக்குப் போகலாம். மறதிநோய் உள்ளவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு உலக சுகாதார அமைப்பின் 'ஐசப்போர்ட்' பயிற்சி இருக்கிறது.

நெடுவழி: நான் மனைவியைப் பார்த்துக்கொள்கிறேன். பங்கு கேட்க உடன்பிறந்தவர் யாருமில்லை. என்னைத் தாங்குவது, இதே நிலையிலிருக்கும் சிலர் வாரம் ஒருமுறை கூடும் குழு. "சில நேரம் அவள்மேல் எரிச்சல் வருகிறது" என்று அங்கே சொன்னேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. அப்படி ஒரு குழு இருக்கிறதா என்று மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

கரைமேடு: ஆள் தேடும் வேலையை இந்த வாரமே எடுத்துக்கொள்கிறேன். விடுப்பில் போகும்போது அக்காவை வெளியூர் அனுப்பிவிட்டு நானே பார்த்துக்கொள்கிறேன். ஆனாலும் நான் அனுப்பும் பணம் பராமரிப்பில் சேராது என்பதை ஏற்கமாட்டேன்.

வேம்பு: ஏற்க வேண்டாம். போகும்போது இரவுகளையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மாத்திரை எப்போது, எப்படிப் புரட்டுவது என்பதை அக்கா கிளம்பும் முன்பே கூட இருந்து பழகிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஊருக்குப் போன இடத்திலும் அவர் தொலைபேசியும் கையுமாகத்தான் இருப்பார்.