புதுப்பிப்பு: பெரியம்மாவும் லெட்ரோசோல் மாத்திரையும்

மார்பகப் புற்றுநோய் அறுவை முடிந்து லெட்ரோசோல் 2.5 மி.கி. சாப்பிடும் பெரியம்மா, மூட்டுவலி தாங்காமல் மாத்திரையை நிறுத்தப் போவதாகச் சொல்கிறார், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

டாக்டரிடம் போனோம். வலியை விடப் பெரிய விஷயம் ஒன்று அங்கேதான் வெளியே வந்தது. "கட்டியைத்தான் எடுத்தாச்சே டாக்டர், அப்புறம் எதுக்கு அஞ்சு வருஷம் மாத்திரை?" இதை எங்கள் யாரிடமும் பெரியம்மா கேட்டதே இல்லை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: மாதவிடாய் நின்ற பிறகும் கொழுப்புத் திசுக்களில் அரோமட்டேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் தங்கிவிட்ட புற்றுநோய் செல்களுக்கு அதுதான் தீனி. லெட்ரோசோல் அந்த நொதியை முடக்குகிறது. வலியும் அதே ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வருவதுதானாம்.

இதற்குப் பதில் கொடுக்கும் இன்னொரு மாத்திரையான டமாக்சிஃபென் பற்றிச் சிலர் சொல்லியிருந்தீர்கள். அதையும் கேட்டோம். மூட்டுவலி குறைவு, ஆனால் ரத்தக்கட்டு, கர்ப்பப்பை உட்சுவர் தடிப்பது என்று வேறு கவலைகள். பெரியம்மாவுக்குக் காலில் ஏற்கெனவே ரத்தம் உறைந்த வரலாறு உண்டு, எனவே அது வேண்டாம் என்றார்.

இப்போதைக்குச் சில வாரம் இடைவெளி, பிறகு அதே நொதியை முடக்கும் வேறொரு மாத்திரையான எக்ஸிமெஸ்டேன். கூடவே எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி, தினமும் நடை. (நடைக்குத்தான் முகம் சுளித்தார்.) இடைவெளி டாக்டர் சொல்லி விட்டது, தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

"ஒத்துக்கலைன்னா திரும்ப வந்து சண்டை போடுவேன்" என்று டாக்டரிடமே சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.