இன்ஜின் மாற்றிய வண்டியில் ஏசியைக் காப்பாற்ற முடியுமா?

பழையவண்டி:
கார்புரேட்டர் இன்ஜினை இறக்கிவிட்டு ஒரு ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் இன்ஜினை ஏற்றியிருக்கிறேன். வண்டி நன்றாகவே ஓடுகிறது, ஏசிதான் தலைவலி. பழைய கம்ப்ரஸரை மாட்டப் புது இன்ஜின் பிளாக்கில் இடமே இல்லை. புது இன்ஜினோடு வந்த கம்ப்ரஸர் அதன் பிராக்கெட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறது, அதன் ஹோஸ் வாய் வேறு, என் பைப் வாய் வேறு. தனியாக பிராக்கெட் செய்து பழையதையே மாட்டலாமா, இல்லை புதியதை வைத்துக்கொண்டு மற்றதைச் சமாளிக்கலாமா? கூலிங் காயில், கண்டன்சர் இரண்டும் பழையவைதான், டாஷ்போர்டைக் கழற்ற எனக்குத் தெம்பில்லை. பைப்புகள் இரண்டு மாதமாகத் திறந்தே கிடக்கின்றன, திட்டாதீர்கள்.

அரைஇஞ்ச்_ஸ்பேனர்:
பழைய கம்ப்ரஸரை மறந்துவிடுங்கள். பிராக்கெட் செய்வது வெல்டிங் வேலை மாதிரித் தெரியும், ஆனால் அது முழுக்க அளவு வேலை. புல்லி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகினாலே பெல்ட் கத்தும், அப்புறம் ஓரம் பிய்யும். புதியது ஏற்கெனவே அதன் இடத்தில் நேராக நிற்கிறது. தன்னோடு சேர்ந்திருப்பது எந்த வண்டியின் காயில் என்று கம்ப்ரஸருக்கு என்ன தெரியப்போகிறது, காஸை இழுத்து அழுத்தித் தள்ளுவதோடு அதன் வேலை முடிந்தது. முன்னால் காந்த க்ளட்ச் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். க்ளட்ச் இல்லாமல் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) சிக்னலில் ஓடும் வகை என்றால் உங்கள் பழைய சுவிட்சால் அதை ஓட்ட முடியாது.

ஹோஸுக்கு வழி இருக்கிறது. ஒரு முனையில் கம்ப்ரஸரின் வாய், மறுமுனையில் உங்கள் பழைய வாய், நடுவில் புது பேரியர் ஹோஸ் (காஸ் கசியாத வகை) வைத்து க்ரிம்ப் செய்து, அதாவது முனையை அழுத்தி இறுக்கித் தருவார்கள். இன்ஜின் மவுண்டில் முழுதாக இறங்கி உட்கார்ந்த பிறகுதான் அளவெடுக்க வேண்டும். வண்டியிலேயே வளைத்து வைத்துப் பார்த்து, ஹோஸுக்கும் முனைக்கும் சேர்த்துக் குறுக்கே பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள், க்ரிம்ப் ஆன பிறகு முனையைத் திருப்ப முடியாது. கோடு போடாமல் நான் கொண்டுபோய்ச் செய்த ஹோஸ், வளைவு ரேடியேட்டரைப் பார்த்தபடி, இன்னும் ஷெட்டில் தொங்குகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் ஆடும், அதற்கும் கொஞ்சம் தளர்வு விடுங்கள்.

ரிலேபாக்ஸ்:
பைப் வேலை முடிந்தவுடன் பலரும் சுவிட்சிலிருந்து நேராக க்ளட்சுக்கு வயர் இழுத்துவிடுகிறார்கள். ஏசி போட்டதும் ஐடில் விழுந்து சிக்னலில் வண்டி நின்றுபோகும், பழி இன்ஜின் மேல். சுவிட்ச், தெர்மோஸ்டாட், பிரஷர் சுவிட்ச் மூன்றையும் வரிசையாகத் தாண்டி வரும் வயரை ஈசியூவின் ஏசி ரிக்வெஸ்ட் பின்னுக்கு (ஏசி வேண்டும் என்று கேட்கும் முனை) கொடுங்கள், அது ஐடிலை ஏற்றிவிட்டு ரிலேயைத் தானே போடும். அந்த பின்னுக்கு 12 வோல்ட் வேண்டுமா, எர்த் வேண்டுமா என்பதை அந்த இன்ஜினின் வயரிங் படத்தில் பார்த்துவிட்டுத் தொடுங்கள். பிரஷர் சுவிட்சை மட்டும் பைபாஸ் செய்யாதீர்கள். ஃபேன் ஒருநாள் ஓடாமல் போனால் கம்ப்ரஸரைக் காப்பாற்றுவது அதுதான்.

பழையவண்டி:
நன்றி அண்ணே, க்ளட்ச் இருக்கிறது. ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன், வண்டி ஆர்12 காஸ் காலத்தது. கம்ப்ரஸர் லேபிளில் ஆர்134ஏ காஸ், பேக் (PAG) ஆயில் என்று இருக்கிறது. அப்படியே நிரப்பலாமா?

கூலிங்பைத்தியம்:
நிரப்பலாம், ஆனால் அப்படியே இல்லை. ஆர்12-க்குப் போட்டது மினரல் ஆயில். அது ஆர்134ஏ-யோடு கலக்காது, காயிலில் தங்கிவிடும், கம்ப்ரஸருக்குத் திரும்பி வராது. காயிலையும் கண்டன்சரையும் ஃப்ளஷ் செய்யுங்கள், ஓ-ரிங் எல்லாம் புதிது. காயிலுக்குப் போகும் பழைய ரப்பர் ஹோஸையும் சேர்த்து மாற்றுங்கள், அந்தக் கால ஹோஸ் வழியாக ஆர்134ஏ மெதுவாகக் கசிந்துவிடும்.

அப்புறம் ட்ரையர், அதாவது உள்ளே இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் டப்பா. இரண்டு மாதம் திறந்து கிடந்தது இனி குப்பைக்குத்தான். பணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று நான் பழையதையே விட்டேன். அரைமணி நேரம் நல்ல குளிர் வரும், பிறகு வெறும் காற்று, பத்து நிமிடம் அணைத்து வைத்தால் மறுபடி குளிர். காஸ் போதவில்லை என்று இரண்டு தடவை ஏற்றிய பிறகுதான் புரிந்தது, உள்ளே இருந்த ஈரம், காயிலுக்குள் காஸை அளந்து விடும் எக்ஸ்பேன்ஷன் வால்வில் உறைந்து வழியை அடைத்திருக்கிறது. புது ட்ரையர் போட்டு 45 நிமிடமாவது வேக்யூம் இழுங்கள், கேஜின் வால்வை மூடிவிட்டு அரைமணி நேரம் அதன் முள்ளைப் பாருங்கள். முள் ஏறினால் கசிவு இருக்கிறது, காஸை வீணாக்காதீர்கள்.

பழைய ஸ்டிக்கரில் உள்ள எடையை நம்பி ஏற்றக் கூடாது. ஆர்12 எடையில் 80 சதவீதத்தில் நிறுத்தி, இன்ஜினை 1500 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு கேஜைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். அந்த நேரத்தில் கண்டன்சர் முன்னால் ஒரு டேபிள் ஃபேனை வைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஹை சைடு (அதிக அழுத்தப் பக்க) முள் சும்மா ஏறிப் பயமுறுத்தும்.