நாலரை ஏக்கர் தோப்புக்கு மினி டிராக்டர்: 18-ஆ, 24-ஆ, 28-ஆ?

தோப்புக்காரன்:
வணக்கம்ங்க. பொள்ளாச்சி பக்கம் நாலரை ஏக்கர், செம்மண். மூன்று ஏக்கர் தென்னை, 25 அடி இடைவெளி. மீதியில் நேந்திரன் வாழை, ஆறடிக்கு ஆறடி. வாடகை டிராக்டர் கூப்பிட்ட அன்றைக்கு வருவதில்லை. வந்தாலும் வாழைக்குள் நுழையாது. அதனால் மினி வாங்குவதென்று முடிவு. ஒரு கடையில் 18 ஹெச்.பி. தாராளம் என்கிறார்கள், அடுத்த கடையில் 28-க்குக் கீழே பார்க்கவே வேண்டாம் என்கிறார்கள். மண்ணைக் கிளற ரோட்டவேட்டர் ஓட்டணும், மருந்தடிக்கணும், காயை ரோடு வரைக்கும் இழுக்கணும், அவ்வளவுதான். வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

கரிசல்காடு:
45 எடுத்துப் போடுங்கள். சும்மா நிற்கும் நாளில் வாடகைக்கு விட்டால் தவணைக்கு ஆச்சு. மினியெல்லாம் விளையாட்டுச் சாமான்.

பழைய பதினெட்டு:
கரிசல்காடு அண்ணா, 45-இன் அகலமே ஏறக்குறைய ஆறடி. வாழைக்குள் எப்படி விடுவார்?

தோப்புக்காரரே, ஏக்கரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பின்னால் என்ன மாட்டப் போகிறீர்கள் என்று பாருங்கள். கடை பேனரில் போட்டிருப்பது எஞ்சின் ஹெச்.பி. ரோட்டவேட்டரைச் சுற்றுவது பி.டி.ஓ.வில், அதாவது வண்டியின் பின்னால் கருவியைச் சுழற்றும் தண்டில் வருவது. எஞ்சின் 24 என்றால் அங்கே 20, 21 எதிர்பாருங்கள். அந்த எண்ணைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

நான் 18-இல் சூடுபட்டவன். 2016-இல் வண்டி எடுத்தபோது நாலடி அகல ரோட்டவேட்டரையும் தலையில் கட்டிவிட்டார்கள். மழை பெய்து இரண்டு நாள் கழித்து, பதத்தில் விட்டால் அருமையாக ஓடும். மண் காய்ந்ததோ, போச்சு. குழாயில் கரும்புகை, எஞ்சின் சத்தம் அப்படியே அமுங்கும். கிளட்சை மிதி, தூக்கு, மறுபடி இறக்கு. பத்தடிக்கு ஒருமுறை இதே கூத்து. இரண்டாம் வருடம் கிளட்ச் பிளேட் கருகிவிட்டது. மெக்கானிக் அதைக் கையில் கொடுத்து, "வண்டி சின்னதில்லைங்க, பின்னாடி மாட்டினதுதான் பெருசு" என்றார். மூன்றடி மாட்டியதும் அதே 18 முனகாமல் ஓடியது. ஆனால் தென்னைக்குள் ஒரு நாள் வேலை ஒன்றரை நாளாக இழுத்தது.

இப்போது என்னிடம் இருப்பது 24, நாலு சக்கர இழுவை, அதே நாலடி. உங்களுக்கும் அதுதான் சரிவரும். மருந்தடிப்பதற்கெல்லாம் ஹெச்.பி. பார்க்க வேண்டியதில்லை.

தோப்புக்காரன்:
நன்றி அண்ணா. காய் இழுக்க 28 வேண்டாமா? ரோட்டுக்குப் போகும் வழி கொஞ்சம் இறக்கம்.

பழைய பதினெட்டு:
இறக்கம் என்றால் இழுப்பதில்லை, நிறுத்துவதுதான் கஷ்டம். மட்டையோடு ஆயிரம் காய் ஏற்றினாலே ஒரு டன்னைத் தாண்டும். மினியின் எடையே ஏறக்குறைய அவ்வளவுதான், டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். நான்கு ஹெச்.பி. கூடினாலும் அது மாறாது. ஐந்நூறு ஐந்நூறாக ஏற்றுங்கள், லோ கியரிலேயே இறக்குங்கள், நியூட்ரலில் விட்டுவிடாதீர்கள். அப்புறம், வாழை வேரோடிய பிறகு உள்ளே ரோட்டவேட்டர் வேண்டாம்.

தோப்புக்காரன்:
சரிங்க, 24 பார்க்கிறேன். இன்று வாழைக்குள் டேப் வைத்து அளந்தேன், நாலரை அடி கிடைக்கிறது. நாளைக்கு டெமோ. தண்ணீர் விடாத காய்ந்த மண்ணில் ஓட்டிக் காட்டச் சொன்னேன். சேல்ஸ்மேன் தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை.